முதுமையறியாத முப்பது பிள்ளைகள்

அஸர் தொழுகை முடிந்த வேளையில் பள்ளிவாசல்துறைக் கடற்கரைக்குச் சென்று நிற்பவருக்கு இரண்டு காட்சிகள் தவறாமல் கிட்டும். ஒன்று, கரையேற்றிய படகுகளின் நிழலிலே அமர்ந்து கிழிந்த வலைகளைத் தைக்கும் பெரியவர்கள். மற்றொன்று, அலை வந்து இறுக்கிச் சென்ற ஈரமணலிலே பந்தடித்து விளையாடும் சிறுவர்கள். சென்ற விடுமுறையில் நான் கண்டபொழுது, அச்சிறுவர்களில் ஒருவன் மட்டும் ஆட்டத்திற் சேராமல் படகோரத்தில் நின்றான். அவனுக்கு ஒரு கால் சற்று மெலிந்தது. பந்து தண்ணீரில் விழுந்தால் எடுத்துக் கொடுப்பதே அவனுக்கு அளிக்கப்பட்டிருந்த உத்தியோகம்.

இந்தப் பையனைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன், அமெரிக்காவிலே பிறந்து, மறைந்து, மீண்டும் பிறந்த ஒரு கணினி விளையாட்டின் கதையை நேயர்கள் கேட்கவேண்டும்.

அவ்விளையாட்டின் பெயர் ‘பேக்யார்ட் பேஸ்போல்’. நம் வழக்கிற் சொன்னால், வளவுக்குள் ஆடும் பேஸ்போல். பேஸ்போல் என்றதும் ‘அது நமக்குப் புரியாத அந்நிய ஆட்டம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் நாட்டில் சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஊரெங்கும் ஆடப்படும் எல்லே அதற்கு ஒன்றுவிட்ட சகோதரம் போன்றது. ஒருவன் பந்தை வீச, மற்றொருவன் கோலால் ஓங்கி அடித்துவிட்டு, வட்டமாகக் குறித்த இடங்களையெல்லாம் தொட்டுக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே ஓடிவருகிறான். எல்லே ஆடியவனுக்குப் பேஸ்போலின் பாதி இலக்கணம் முன்னரே தெரியும்.

ஷெல்லி டே, ரொன் கில்பர்ட் என்னும் இருவர் 1992ஆம் ஆண்டில் ஹியூமங்கஸ் என்டர்டெயின்மென்ட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். குழந்தைகளுக்கான கணினி விளையாட்டுகளை ஆக்குவதே அதன் நோக்கம். அந்த நிறுவனமே 1997இல் இவ்விளையாட்டை வெளியிட்டது. கேலிச்சித்திரப் பாணியில் வரைந்த 30 பிள்ளைகள் அதிலே இருக்கிறார்கள். அனைவரும் ஒரே அயலில் வாழ்பவர்கள். நாம் ஒருவரைத் தெரிய, எதிரணி ஒருவரைத் தெரிய, இவ்வாறு மாறிமாறி ஒன்பது பேர் கொண்ட அணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அடித்தல், ஓடுதல், வீசுதல், பிடித்தல் என்னும் நான்கிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் அளவுத் திறமை. மின்னலைப்போல் ஓடும் ஒருவனுக்கு அறிவு சற்று மந்தம். இன்னொருவன் காதிலே பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டே துடுப்பெடுப்பான். இரட்டைச் சகோதரிகள் உண்டு. கரடிப் பொம்மையை விட்டுப் பிரியாத சின்னஞ்சிறுமி உண்டு. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே களத்தில் இறங்கும் கென்னி கவகுச்சி என்ற சிறுவனும் உண்டு. இத்தனை பேரிலும் தலைசிறந்த வீரன் யார் என்கிறீர்கள்? குள்ளமாகவும் பருமனாகவும் தோன்றும், ஸ்பானிய மொழி பேசும் பப்லோ சஞ்செஸ். உருவத்தைப் பார்த்து எவனை ஒதுக்கத் தோன்றுமோ, அவனே அங்கு சூரன்!

பின்னர் வந்த பதிப்பொன்றில், அமெரிக்காவின் புகழ்பெற்ற பேஸ்போல் வீரர்களையும் சிறுபிள்ளைகளாக வரைந்து சேர்த்தார்கள். அந்தப் பெரும் பெயர்கள் வந்த பின்னரும், முதலில் பப்லோவையே தெரிந்தெடுத்த பிள்ளைகள் அநேகர்.

பிறகு காலம் தன் வேலையைச் செய்தது. நிறுவனம் கைமாறியது. விண்டோஸ் 95 காலத்துக் கணினிகளுக்காகச் செய்த இறுவட்டுகளைப் புதிய கணினிகள் ஏற்க மறுத்தன. பழைய விளையாட்டுகளை ஓடச் செய்வதற்கென்றே ஆர்வலர்கள் எழுதிய மென்பொருளைக் கொண்டு சிலர் அதனைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு அது பரணில் கிடந்த கீறல் விழுந்த ஒரு வட்டு, அவ்வளவே. இந்நிலையில் பிளேகிரவுண்ட் புரொடக்ஷன்ஸ் என்ற நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, 2024 ஒக்டோபர் 10ஆம் திகதி, அதே 1997ஆம் ஆண்டு விளையாட்டை இக்காலக் கணினிகளில் ஓடும் வகையிலே மீண்டும் வெளியிட்டது.

அதனை வாங்க முந்தியவர்களிற் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர். முப்பது வயதை எட்டியவர்களும் கடந்தவர்களும் ஆவர். அவர்களுடைய மகிழ்ச்சியில் ஒரு விநோதம் இருந்தது. சாதாரணமாக ஒரு பொருள் மீண்டும் சந்தைக்கு வந்தால், ‘இதிலே புதிதாக என்ன இருக்கிறது?’ என்றல்லவா கேட்போம்? இவர்களோ, எதையும் மாற்றாமல் விட்டார்களே என்று நன்றி கூறினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் துடுப்பெடுக்க வரும்போது ஒலிக்கும் தனித்தனி மெட்டு அப்படியே இருக்கிறதா, வர்ணனையாளர்களின் பழைய பகிடிகள் அப்படியே இருக்கின்றனவா, பப்லோ இன்னமும் அப்படியே அடிக்கிறானா என்று தேடிப் பார்த்தார்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண், கிணற்றடிக் கல் பழைய இடத்திலேயே கிடக்கிறதா என்று பார்ப்பதைப் போன்றது இது.

எல்லோரும் ஒரே குரலிற் பாராட்டினார்கள் என்றும் கொள்ள வேண்டாம். சித்திரம் இன்னும் துலக்கமாக இருந்திருக்கலாம் என்றனர் சிலர். தூரதேசத்தில் வாழும் பாலிய நண்பனோடு இணையத்தின் வழியே ஆட வசதி வேண்டும் என்றனர் வேறு சிலர். இந்த இரண்டாவது குறையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. அவர்கள் தேடியது விளையாட்டை மட்டுமன்று. அன்று பக்கத்தில் அமர்ந்து ‘இப்போது என் முறை’ என்று சண்டை பிடித்த அண்ணனையும் அயல்வீட்டுத் தோழனையும் சேர்த்தே தேடினார்கள். வட்டிலே பதிந்திருந்த 30 பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த அந்த ஒரு பிள்ளை எப்படித் திரும்பி வருவான்?

நம்மவர்களும் இதற்கு விலக்கல்லர். ஈ.ஏ. நிறுவனம் 2006ஆம் ஆண்டில் ‘கிரிக்கெட் 07’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. அதன்பின் அந்நிறுவனம் அவ்வரிசையைத் தொடரவில்லை. ஆனாலும் தென்னாசிய இளைஞர்கள் அதனை விட்டார்களா? புதிய வீரர்களின் பெயர்களையும் புதிய சீருடைகளையும் தாங்களே உருவாக்கிச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் ஆடிவந்திருக்கிறார்கள். அமெரிக்கர் மாற்றாமற் காத்தார்கள். நம்மவர் மாற்றிக் காத்தார்கள். அன்பு ஒன்றுதான்.

இனிக் கடற்கரைக்கு வருவோம். வெளிநாட்டிலே கணினித் தொழில் செய்து விடுமுறையில் வந்திருந்த எங்கள் உறவுக்கார இளைஞர் ஒருவர், இந்த விளையாட்டைத் தம் மடிக்கணினியிலே கொண்டுவந்திருந்தார். மஃரிபுக்குப் பின் சிறுவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் பழைய நினைவிலே உருகி, இது எத்தனை வருடத்துக்கு முந்தியது தெரியுமா என்று விவரிக்கத் தொடங்கினார். சிறுவர்களுக்கு அதில் நாட்டமில்லை. அவர்களுக்கு அது பழையதுமன்று, புதியதுமன்று, வெறும் விளையாட்டு. ஆள் தெரியும் கட்டம் வந்தபோதுதான் அமர்க்களம் தொடங்கிற்று. சக்கர நாற்காலிப் பிள்ளையைக் கண்டதும் ஒருவன் கேட்டான்:

“நானா, இவன் பந்து பொறுக்கவா?”

“இல்லை தம்பி. இவனும் அடிப்பான், பந்தும் வீசுவான்.”

“இவனை எடுத்தால் தோற்றுப் போவோமே?”

“எடுத்துப் பார்.”

எடுத்தார்கள். வென்றார்களா, தோற்றார்களா என்பது எனக்கு நினைவில்லை. வட்டத்தின் ஓரத்தில் நின்ற அந்த மெலிந்த காலுடைய பையன் கண்ணிமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

பழையன திரும்பும்போது பெரியவர்களாகிய நாம் கொள்ளும் ஆனந்தம் குற்றமன்று. எனினும் அந்த ஆனந்தம் நம்மோடு நின்றுவிடுமானால் அது வெறும் ஏக்கமாகவே முடியும். 1997இல் அந்த விளையாட்டை ஆக்கியவர்கள் அயலிலுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் அதிலே இடம் வைத்தார்கள். ஆணும் பெண்ணும், குள்ளனும் நெட்டையனும், வேற்றுமொழி பேசுபவனும் நடக்கமாட்டாதவனும் ஒரே வரிசையில் நின்றார்கள். 27 ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள், எதையும் மாற்றவேண்டாம் என்று மன்றாடியது அந்த வரிசைக்காகவுந்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதிலே எங்கோ தாமும் ஒருவராக நின்ற ஞாபகம் அவர்களுக்கு இருந்திருக்கும். பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு நாம் நம் பழைய விளையாட்டைக் காட்டுவது நன்று. அந்த வரிசையைக் காட்டுவது அதனினும் நன்று.

மறுநாள் மாலை நான் மீண்டும் கரைக்குப் போனேன். ஈரமணலில் எல்லே நடந்துகொண்டிருந்தது. மூங்கில் கோல் அந்தப் பையனின் கையில் இருந்தது. அவனுக்காக ஓட மற்றொருவனை நிறுத்தியிருந்தார்கள். முதற்பந்து வந்தது, அவன் ஓங்கி வீசினான், கோல் காற்றைத்தான் அடித்தது. யாரோ ஒரு பொடியன் சிரித்தான்.

எல்லேயில் ஒருவனுக்கு மூன்று பந்துகள் உண்டு. அவன் கோலை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த பந்துக்குக் காத்து நின்றான்.