சிவப்பு விளக்கை ஊதி அணைக்காதீர்கள்!

திருநீர்மலை அடிவாரம். முகூர்த்த நாள். மலைக்கோவிலில் கல்யாணம் முடிந்து ஒரு குடும்பம் பழைய காரில் ஏறியது. முன்னால் தாத்தா. பின்னால் பாட்டி, மருமகள், மடியில் இரண்டு குழந்தைகள்.

காரை ஸ்டார்ட் செய்தார் வீட்டுக்காரர். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். விளக்கு அணையவில்லை.

"சார், பிரேக் லைட் எரியுதே?" என்றேன்.

"அது ரெண்டு மாசமா எரியுது சார். பழைய வண்டின்னா அப்படித்தான். மெக்கானிக்கிட்ட சொல்லி ஒயரைக் கழட்டிடணும்" என்று சிரித்துக்கொண்டே கிளம்பினார்.

அவர் போன வழி பல்லாவரம். அதைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. ரோடு. முன்னால் போகிற பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாத ரோடு!

ஒயரைக் கழற்றினால் விளக்கு அணையும். கோளாறு அணையுமா?

விளக்கு சொல்வது என்ன?

பெரும்பாலான பழைய கார்களில் இந்த விளக்கு எரிய முக்கிய காரணங்கள் மூன்றுதான். ஒன்று, ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கவில்லை. அல்லது அதன் சுவிட்ச் கெட்டுவிட்டது. இரண்டு, டப்பாவில் பிரேக் ஆயில் குறைந்துவிட்டது. மூன்று, டப்பாவில் உள்ள மிதவையோ, ஒயரோ பழுது.

முதலாவதும் மூன்றாவதும் சில்லறைக் கோளாறு. இரண்டாவது உயிர் விஷயம். எது என்று பார்க்காமலே "சும்மா எரியுது" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. சமதரையில் காரை நிறுத்துங்கள். பானட்டைத் திறந்து ஆயில் டப்பாவைப் பாருங்கள். 'மின்', 'மேக்ஸ்' என்று இரண்டு கோடு இருக்கும். ஆயில் கீழ்க்கோட்டுக்கு வந்துவிட்டால் விளக்கு உண்மை பேசுகிறது. திருப்பத்திலும் பிரேக் போடும்போதும் மட்டும் மினுக்கினாலும் அதே சந்தேகம்தான். ஆயில் ஆடும்போது மிதவை இறங்குகிறது.

ஆயில் சரியாக இருக்கிறதா? டப்பாவில் உள்ள ஒயர் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். விளக்கு அணைந்தால் மிதவையில் குற்றம். அணையாவிட்டால் ஹேண்ட் பிரேக் சுவிட்ச் ஒயரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ பாடியில் உரசுகிறது. பார்த்ததும் மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.

ஊற்றினால் தீருமா?

ஆயில் குறைந்தால் உடனே கொஞ்சம் ஊற்றிவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. விளக்கு அணைந்துவிடும். காசும் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்த ஆயில் எங்கே போனது? பிரேக் பேட் தேயத் தேய ஆயில் மட்டம் மெதுவாக இறங்கும். அப்படியானால் பேட் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பேட் தேயவில்லை என்றால் எங்கோ கசிவு. சக்கரத்தின் உள்பக்கம் ஈரமா என்று பாருங்கள். என்ஜின் ஓடும்போது பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகம். பிறகு அந்தக் காரை ஓட்டவே கூடாது.

அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் பெடல் பொதபொதவென்று போகும். அதனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

பழைய கார் வாங்குவோரே!

கடைசி மாருதி 800 தயாரானது 2014-ல். இன்று பழைய காரைத் தேடிப் போகிறவர் யார்? சம்பளத்தில் மிச்சம் பிடித்த குமாஸ்தாவும் சின்னக் கடைக்காரரும்தான். பல்பைப் பிடுங்கிய காரை அவர்கள் தலையில் கட்டுவது பச்சைத் துரோகம்.

விலை பேசும் முன்பு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். பிரேக் விளக்கு எரிய வேண்டும். இறக்கினால் அணைய வேண்டும். எரியவே இல்லையா? புரோக்கரிடம் "ஏன்?" என்று கேளுங்கள்.

சட்டமும் சும்மா இல்லை. ஆபத்தான குறை உள்ள வண்டியை ஓட்டுவது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவில் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று தப்பவும் முடியாது. சாதாரணக் கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறையும் அதில் அடங்கும். கண்ணெதிரே எரிகிற விளக்கைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

மெக்கானிக் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒயரைக் கழட்டச் சொல்லி வாடிக்கையாளரே கேட்டாலும் செய்யாதீர்கள். "முதல்ல ஆயில் எங்க போச்சுன்னு பாக்கலாம் சார்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

விளக்கை வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இந்த விளக்குக்கும் அதே சாஸ்திரம்தான். காரணத்தைத் தீர்த்துவிட்டால் தானே அணையும்!