விதைக்கும் ஒரு முத்திரை

காவிரி கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த பூம்புகாரின் பழம்பெருமையைப் பேசாத மேடை தமிழ்நாட்டில் இல்லை. அப்பெருமையிலிருந்து உழவரும் நெசவாளரும் கற்கத்தக்க பாடம் ஒன்றுண்டு.

சிலப்பதிகாரம் காட்டும் மருவூர்ப்பாக்கத்தில் கூலக் கடைகளும் உண்டு. நெசவாளர் இருக்கைகளும் உண்டு. துறைமுகத்தில் குவிந்த பண்டங்களின்மீது சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. சுங்கத்தின் பொருட்டு இட்ட முத்திரையே ஆயினும், பொறுப்புள்ள ஒருவர் பார்த்து விடுத்த பண்டம் என்னும் உறுதியையும் அது அளித்திருக்கும் அன்றோ?

அத்தகைய உறுதி இன்று வேறெப்பொருளையும்விட விதை நெல்லுக்கே வேண்டும். எண்பதாம் நம்பர் நூல் என்று வாங்கியது அறுபதாக இருந்தால், தறியில் ஏற்றுமுன்பே நெசவாளர் விரல் அதைக் கண்டுகொள்ளும். விதையின் கலப்போ கதிர் வெளிவரும்போதுதான் தெரியும். அதற்குள் ஆற்றுநீரும் எருவும் கூலியும் செலவாகிப் பருவமும் கடந்துவிடும். விரை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்பது பழமொழி. நம்பி வாங்கிய பை பொய்த்தால் அதுவும் நடக்கும்.

நம் டெல்டாவிற்கு நெடுங்காலமாக நல்விதை தந்துவரும் தாய்வீடு ஆடுதுறை. 1922இல் அங்கு ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம், இன்று தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகின்றது. 1965இல் வெளிவந்த ஆடுதுறை 27 குறுவைக்கு ஏற்றதாய்த் தஞ்சைத் தரணியெங்கும் பரவிற்று. வானொலி வழியே அதன் செய்தி சிற்றூர்களை எட்டியமையால், உழவர் அதனை ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர். ஆடுதுறை 36, 43, 45 ஆகியவை பின்னர் வந்தவை. ஊரின் பெயரையே நெல்லின் பெயராக நாம் சொல்லி வாங்குவது, நூறாண்டு உழைப்பால் விளைந்த நம்பிக்கையன்றோ!

எனினும், ஓர் ஆராய்ச்சி நிலையம் ஊர்தோறும் மூட்டை கட்டி அனுப்ப இயலாது. அது தருவது மூலவிதை. அதைப் பெருக்கி, கலப்பின்றி வயலுக்குக் கொணர்வது பிறர் கடமை. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் சான்றளிப்பிற்கு வழிவகுத்தது. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம் என அட்டைகள் ஏற்பட்டன. சான்று பெற்ற நெல் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும். ஈரப்பதம் பதின்மூன்று விழுக்காட்டைத் தாண்டலாகாது. நீல அட்டையே நம் காலத்துப் புலி முத்திரை. ஆனால் சான்று பெறுவதை அச்சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்ட அவசரத்தில் அட்டையில்லாப் பையை வாங்குவோரும் நம்மில் உளர்.

இக்குறையைக் கூட்டுறவுச் சங்கங்களே தீர்க்க வேண்டும் என்பது நமது கருத்து. கணக்கு எளிது. ஓர் ஏக்கர் விதைப்பண்ணையில் 2,000 கிலோ விதை தேறினால், குறுவைக்கு ஏக்கருக்கு 24 கிலோ வீதம் எண்பது ஏக்கருக்கு மேல் நடலாம். ஐந்து ஏக்கர் ஒதுக்கினால் நானூறு ஏக்கருக்குப் போதும். பிற இரக வயலிலிருந்து மூன்று மீட்டர் இடைவெளி விடுதல், கலவன்களைப் பூக்குமுன்னும் பின்னும் களைதல், நன்கு உலர்த்திச் சேமித்தல் ஆகியவை நம் உழவர்க்கு அரிய செயல்கள் அல்ல. அவ்வாறு விளைவிப்பவருக்குச் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகையைச் சங்கம் தயங்காமல் கொடுக்க வேண்டும்.

கடலோரச் சங்கங்களுக்குப் பொறுப்பு இன்னும் மிகுதி. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை கரையோர வயல்களில் உப்பைக் கொட்டிச் சென்றது. உவர் தாங்கும் குழியடிச்சான் போன்ற பழைய இரகங்களின் அருமை அப்போது விளங்கிற்று. அவற்றிலும் சில மூட்டைகள் சங்கக் களஞ்சியத்தில் ஆண்டுதோறும் புதுப்பித்து இருத்தல் வேண்டும். விதையைச் சேமிக்கவும் பகிரவும் உழவருக்குள்ள உரிமையை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றுள்ளது. வணிகப் பெயரிட்டு விற்றல் மட்டுமே கூடாது.

புகார் நகரின் செங்கல் துறைமேடை கீழையூரில் மண்ணுக்கடியிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. அந்நகரின் வாணிகம் போயிற்று. நெல் சாகுபடி போகவில்லை. விதையைக் கைவிடாமல் காத்த முன்னோரே அதற்குக் காரணர். வரும் பொதுக்குழுவில் விதைப்பண்ணைக்கென ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு சங்க உறுப்பினர் அனைவரையும் வேண்டுகின்றோம்.