சக்கரத்தில் புகுந்த பேய்

ஆம்பூர்ப் பக்கத்து டேனரி ஒன்றுக்குப் பச்சைத் தோல் ஏற்றிவரும் பிக்-அப் வண்டி ஒன்றில் முன்பக்கத்திலிருந்து "டக், டக்" என்று ஒரு சத்தம் கிளம்பி இரண்டு மாத காலமாக ஓயவில்லையென்றும், அதற்காக வண்டிக்காரத் தோழர் செய்யாத பரிகாரமில்லையென்றும் கேள்விப்பட்டு, நாமே நேரில் போய்ப் பார்த்தோம். அங்கு கிடைத்த புத்தி வண்டி வைத்திருப்பவர்களுக்கு மாத்திரமல்லாமல் வண்டியே இல்லாதவர்களுக்கும் உதவுமாதலால் இங்கு எழுதுகின்றோம்.

சத்தம் கேட்டவுடன் வீட்டாருக்குத் தோன்றிய காரணம் கண் திருஷ்டி. ஆகவே வண்டியின் முகப்பில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின. அமாவாசையன்று நடுத்தெருவில் பூசணிக்காய் உடைபட்டது. சத்தம் நிற்கவில்லை; பூசணித் துண்டில் சறுக்கிச் சைக்கிள்காரர் ஒருவர் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதே கண்ட பலன். பிறகு பட்டறைக்குப் போனார்கள். முதல் மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாற்றினார். அடுத்தவர் பிரேக் பேடை மாற்றினார். மூன்றாமவர் வீல் பேரிங்கை மாற்றினார். இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று, சத்தம் போகவில்லை.

தோழர்களே! பூசணிக்காய் உடைத்தவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால் சோதித்துப் பாராமலே ஒரு சாமானைக் கழற்றி மறு சாமானைப் போடுகிறவரை என்னவென்று சொல்லுவது? முன்னவர் கையில் எலுமிச்சம்பழம். பின்னவர் கையில் ஸ்பானர். இரண்டு பேரும் "இதுவாகத்தான் இருக்கும்" என்று நம்பினார்களே தவிர, காரணத்தைத் தேடினார்களா? ஸ்பானரைப் பிடித்துவிட்டதாலேயே ஒரு மனிதன் பகுத்தறிவுக்காரனாகிவிட முடியுமா?

நிற்க. காரணம் எப்படி அகப்பட்டது என்பதைக் கேளுங்கள். அந்த வண்டியில் தோல் ஏற்றி இறக்கும் கூலித் தோழர் ஒருவர் இருக்கிறார். தினமும் ஓட்டுநருக்கு இடப்பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவர். அவரை முதலாளியும் கேட்கவில்லை, மெக்கானிக்கும் கேட்கவில்லை. தோல் சுமக்கிறவனுக்கு மோட்டார் விஷயம் என்ன தெரியும் என்பது எல்லோருடைய எண்ணமும். நாம் கேட்டோம். அவர் சொன்னார்:

"ஐயா, சத்தம் வலது பக்கம்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அடி என் கால்கிட்டதான் விழுது. மெயின் ரோட்டுல வேகமாப் போனா ஒண்ணுமில்ல. டேனரி வாசல் மேட்டுல மெதுவா ஏறி ஸ்டீரிங்கைத் திருப்பினாத்தான் வருது."

மூன்று பட்டறைகளும் கேளாத சாட்சியம் இதுதான். சத்தம் காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடுகிறது. எஃகிலோ 5,000 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. இடப்பக்கத்தில் தட்டினால் அது இரும்புச் சட்டம் வழியே ஓடி வலப்பக்கத்திலும் கேட்கும். ஆதலால் காது ஏமாறலாம். அடியை உணர்ந்த கால் ஏமாறவில்லை.

சத்தம் எப்பொழுது வருகிறது என்பதே பாதி விடை. வீல் பேரிங் கெட்டால் "ஊம்" என்ற இரைச்சல் வேகத்தோடு சேர்ந்து வளரும். பிரேக் சாமான் தளர்ந்தால் பிரேக்கை மிதிக்கும்போது சத்தம் மாறும். மெதுவாக மேட்டில் ஏறித் திரும்பும்போது மாத்திரம் தட்டினால், திரும்புகிற மூட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அப்படியே செய்தோம். லோயர் ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டும் வைத்தோம். (ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டிக்கடியில் தலையை விடுவதும் ஒரு மூட நம்பிக்கையே.) சக்கரத்தை இரு பக்கங்களிலும் பிடித்து ஆட்டினோம், ஆட்டமில்லை, ஆகவே டை ராடு மேல் குற்றமில்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம், ஆடிற்று. ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினோம். பேரிங் காரணமாயிருந்தால் ஆட்டம் நின்றிருக்க வேண்டும், நிற்கவில்லை. டயருக்கடியில் கடப்பாரை கொடுத்து நெம்பியபோது, கீழ்ப் பால் ஜாயிண்ட் கண்ணெதிரே தூக்கித் தட்டிற்று. பேய் பிடிபட்டது.

பால் ஜாயிண்ட் என்பது நமது தோள் மூட்டைப்போல, கிண்ணத்துக்குள் உருண்டை திரும்பும் மூட்டு. அதை மூடிய ரப்பர் உறை கிழிந்திருந்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போடுகிறார்கள். தோல் இறக்கும் முற்றத்தில் தேங்கிய உப்புத் தண்ணீரில் முன்சக்கரங்கள் தினமும் முழுகி எழுகின்றன. கிழிசல் வழியே அத்தண்ணீர் புகுந்து, கிரீஸ் கழுவப்பட்டு, உருண்டை துருப்பிடித்துத் தேய்ந்து போயிருந்தது. புது ஜாயிண்டின் விலை, வீணாய்ப் போன பணத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

அது சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில், பாரத்தோடு போகும்போது கழன்றிருந்தால்? சக்கரம் மடங்கியிருக்கும், ஸ்டீரிங்கால் பயனிருந்திராது. ஜெர்மனியில் 1998 ஜூன் 3-ஆம் தேதி எஷெடே என்ற ஊரில் அதிவேக ரயில் ஒன்று, சக்கரத்தின் வெளிவளையம் உடைந்து தடம் புரண்டு 101 பேர் மாண்டார்கள். அச்சக்கரப் பகுதியிலிருந்து சத்தமும் நடுக்கமும் வருவதாக ரயில் ஊழியர்கள் முன்னமேயே பல முறை எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதியும் சக்கரம் மாற்றப்படவில்லை. ஆகவே விஞ்ஞானம் மிகுந்த நாடானாலும், உழைக்கிறவன் சொல்லைக் கேளாவிட்டால் கதி இதுதான்.

"எங்கள் வண்டிக்கு எஃப்.சி. இருக்கிறதே" என்பார்கள் சிலர். சட்டப்படி சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கொரு தடவையும், அதற்குமேல் வருஷத்துக்கொரு தடவையும் தகுதிச் சோதனை உண்டு. இருக்கட்டும், சோதனைக்கு மறுமாதம் ரப்பர் கிழிந்தால் அந்தக் காகிதம் வந்து தாங்குமா? அதுவும் தாயத்தாகிவிடக் கூடாது.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கங்களில் உப்புத் தோல் ஏற்றும் தோழர்களுக்குச் சொல்லுகிறோம். தோல் இறக்கியதும் சக்கரத்தடியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். ரப்பர் உறைகளைக் கண்ணால் பாருங்கள். சத்தம் வந்தால் எந்த இடத்தில், எந்த வேகத்தில், எதைச் செய்யும்போது என்று குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். சோதித்துக் காட்டாமல் எந்தச் சாமானையும் மாற்ற விடாதீர்கள்.

முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை: வண்டி கவிழ்ந்தால் முதலில் நசுங்குகிறவன் யாரோ, அவனிடம் முதலில் கேளுங்கள்.