காருக்குள்ளேயே உட்கார்ந்தால் காசு காலி! பெட்ரோல் பங்கில் ஏமாறுவது எங்கே?

சென்னை: கார் பங்குக்குள் நுழைகிறது. கண்ணாடி இரண்டு அங்குலம் இறங்குகிறது. "ஆயிரத்துக்கு போடுப்பா" என்று உள்ளே இருந்து ஒரு குரல். உடனே கண்ணாடி மேலே ஏறிவிடுகிறது. ஏசி வெளியே போயிடக் கூடாதே! அடுத்த மூன்று நிமிடம் கண் முழுக்க செல்போனில்.

பக்கத்து வரிசையைப் பாருங்க. நூறு ரூபாய்க்கு பெட்ரோல் போட வந்த பைக்காரர் வண்டியை விட்டு இறங்கி, மெஷின் முன்னால் நின்று, ஜீரோவில் இருந்து நூறு வரை கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நூறு ரூபாய்க்காரர் உஷார். ஆயிரம் ரூபாய்க்காரர் கோட்டை விடுகிறார். பங்க்குகளில் தினமும் நடக்கும் கூத்து இதுதான்.

வசதியானவருக்கு இது பெரிய விஷயம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். கடன் வாங்கி கால் டாக்சி ஓட்டுகிறவரை நினைத்துப் பாருங்க. தினமும் 1,000 ரூபாய்க்கு எரிபொருள், மாதம் 26 நாள் ஓட்டம் என்றால் 26 ஆயிரம் ரூபாய் பங்க்குக்கே போகிறது. அதில் 100-க்கு 5 ரூபாய் ஒழுகினால் மாதம் 1,300 ரூபாய் அம்போ. வண்டி டியூ கட்ட தேதி நெருங்கும்போது 1,300 ரூபாய் என்ன என்று அவருக்குத்தான் தெரியும்.

ஜீரோ மேட்டர்!

கார்க்காரர்களிடம் அதிகம் எடுபடும் தில்லாலங்கடி வேலை ஒன்று இருக்கிறது. 500 ரூபாய்க்கு போடச் சொல்வீர்கள். ஊழியர் 200-ல் நிறுத்திவிடுவார். "500 சொன்னேனே" என்று நீங்கள் கேட்டதும், "சாரி சார், காதுல விழல" என்று மறுபடி நாசிலை அழுத்துவார். மெஷின் மறுபடி ஜீரோவில் இருந்து ஓடினால் 300-க்கு போட வேண்டும். 200-ல் இருந்தே தொடர்ந்தால் 500 வரை போக வேண்டும். இந்தக் குழப்பத்தில்தான் விளையாட்டே. பழைய 200-ல் இருந்து தொடங்கி 300-ல் நிறுத்திவிட்டு, "மொத்தம் 500 ஆச்சு சார்" என்பார். உங்கள் டேங்கில் விழுந்தது 300 ரூபாய் பெட்ரோல். கையை விட்டுப் போனது 500.

இந்த நேரத்தில் இன்னொருவர் வந்து கண்ணாடியைத் துடைப்பார், கார்டா, கேஷா என்பார், இன்ஜினில் ஊற்ற ஏதோ ஒரு பாட்டிலை நீட்டுவார். எல்லாரும் திட்டம் போட்டுத்தான் செய்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் நம் கண் மீட்டரை விட்டு விலகினால் லாபம் யாருக்கு?

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பங்க் ஊழியர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை. நாமே கவனிக்காவிட்டாலும் "ஜீரோ பாத்துக்கோங்க சார்" என்று கூப்பிட்டுக் காட்டும் ஊழியர்கள்தான் அதிகம். அவர் கூப்பிடும்போது போனை விட்டுத் தலையைத் தூக்காதது நம் தப்பு.

காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னொரு ஓட்டையும் உண்டு. கேட்காமலே பிரீமியம் பெட்ரோலை போட்டுவிடுவது! சாதாவை விட லிட்டருக்கு பல ரூபாய் அதிகம். சாதா பெட்ரோலில் ஓடவே தயாரான இன்ஜினுக்கு பிரீமியம் ஊற்றுவதால் சொல்லிக்கொள்ளும்படி மைலேஜ் கூடாது. கார் கம்பெனி கொடுத்த கையேட்டில் கேட்டிருந்தால் மட்டும் போடுங்க. "சாதா" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால் தீர்ந்தது.

கண்ணுக்குத் தெரியாத 'சிப்'

ஜீரோவைப் பார்த்தால் மட்டும் போதுமா? போதாது. 2017 ஏப்ரலில் லக்னோவில் உ.பி. அதிரடிப்படை போலீசார் பங்க்குகளில் ரெய்டு நடத்தியபோது நாடே அதிர்ந்தது. மெஷினுக்குள் சின்ன எலக்ட்ரானிக் சிப், அதை இயக்க கையில் ரிமோட்! மீட்டரில் அளவு சரியாக ஓடும், டேங்கில் குறைவாக விழும். 2020-ல் தெலுங்கானா, ஆந்திராவிலும் இதே மாதிரி சிப் மோசடி சிக்கியது. இந்த மோசடியை மீட்டரை முறைத்துப் பார்த்து பிடிக்க முடியாது.

இதற்கு நம் கையில் இருக்கும் ஆயுதம் 5 லிட்டர் அளவு கேன். எடையளவு துறை முத்திரை குத்திய இந்த கேன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், "அஞ்சு லிட்டர் அளந்து காட்டுங்க" என்று எந்த வாடிக்கையாளரும் கேட்கலாம். காசு கிடையாது, அளந்த பெட்ரோல் அவர்கள் டேங்குக்கே திரும்பிப் போய்விடும். முதலில் கேனை ஒருமுறை நனைத்து, கவிழ்த்து, பிறகு 5 லிட்டர் பிடிக்க வேண்டும். 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். அது சட்டம் அனுமதிக்கும் வித்தியாசம். அதைத் தாண்டிக் குறைந்தால் தாராளமாக சண்டை போடலாம்.

25 மில்லி என்றால் பணமாக எவ்வளவு? கணக்குக்காக லிட்டர் 100 ரூபாய் என்று வையுங்கள். 500 ரூபாய்க்கு இரண்டரை ரூபாய். அதற்காக யாரும் மல்லுக்கட்ட வேண்டாம். ஆனால் கேனில் கால் லிட்டர் குறைந்தால் அது 100-க்கு 5. மேலே சொன்ன 1,300 ரூபாய் கணக்கு அதுதான்.

கலப்படம் என்று சந்தேகமா? பில்டர் பேப்பர் கேளுங்க, அதுவும் இலவசம். நாசில் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிட வேண்டும். கறை படிந்து நின்றால் விவகாரம். பெட்ரோலின் லேசான ரோஸ் நிறம் மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

அதிகாலையில் போட்டால் லாபமா?

"காலைல ஆறு மணிக்குப் போடு, பெட்ரோல் குளிர்ச்சியா இருக்கும், நிறைய விழும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தாத்தா காலத்து தகவல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெட்ரோல் சூட்டில் விரியும் என்பது நிஜம்தான். ஒரு டிகிரிக்கு லிட்டருக்கு சுமார் ஒரு மில்லி. ஆனால் பங்கின் டேங்க் பூமிக்கு அடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அங்கே வெப்பம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு டிகிரி மாறினால்கூட 1,000 ரூபாய்க்கு மிச்சமாவது ஒரே ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாய்க்கு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

110, 210 என்று ரவுண்டாக இல்லாமல் கேட்டால் ஏமாற்ற முடியாது என்பதும் அதே ரகம். சிப் வைத்த மெஷினுக்கு 200-ம் ஒன்றுதான், 210-ம் ஒன்றுதான். பைசா வித்தியாசத்துக்காக நாலு கிலோ மீட்டர் தள்ளி இருக்கிற பங்கைத் தேடி ஓடுவதும் வீண் அலைச்சல். போகிற பெட்ரோலுக்கு யார் காசு கொடுப்பது? புதுச்சேரியில் தமிழ்நாட்டை விட விலை குறைவு என்பதால் அந்தப் பக்கம் வேலையாகப் போகிறவர்கள் போட்டுக்கொண்டு வரலாம். அதற்காகவே போனால் நஷ்டம்.

இன்னொரு சண்டை அடிக்கடி நடக்கும். "37 லிட்டர் டேங்கில் 40 லிட்டர் எப்படிப் போகும்? பிராடு!" என்று கூட்டம் சேர்ந்துவிடும். கார் கம்பெனி சொல்லும் அளவுக்கு மேலேயும் டேங்கிலும் குழாயிலும் காலி இடம் இருக்கும். பெட்ரோல் விரிவதற்கு விட்ட இடம் அது. அதுவரை நிரப்பினால் 40 போகத்தான் செய்யும். மெஷின் மீது சந்தேகம் என்றால் அங்கேயும் 5 லிட்டர் கேன்தான் சாட்சி, டேங்க் சாட்சி இல்லை.

நாசில் 'டக்' என்று தானாக நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்க. ரவுண்டாக வரட்டும் என்று அதற்கு மேல் அழுத்தி அழுத்தி ஊற்றினால், ஆவியைப் பிடித்து வைக்கும் கரி டப்பாவுக்குள் பெட்ரோல் போய் அது கெட்டுவிடும். அதை மாற்ற ஆயிரக்கணக்கில் பழுக்கும்.

மைலேஜ் போச்சே...

பங்க் ஏமாற்றுகிறது, மெக்கானிக் ஏமாற்றுகிறார் என்று புலம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனாலில் பெட்ரோலை விட சக்தி குறைவு. பழைய கார்களில் 6 முதல் 7 சதவீதம், பழைய டூவீலர்களில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிவிட்டது. 20 சதவீத கலப்பை எதிர்த்த வழக்கை 2025 செப்டம்பர் 1-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. ஆக, பழைய காரில் கொஞ்சம் குறைந்தால் அது மட்டுமே மோசடிக்கு ஆதாரம் ஆகாது. ஒருமுறை நாசில் நிற்கும் வரை போட்டு, கிலோ மீட்டரைக் குறித்து, அடுத்த முறையும் அதே மாதிரி போட்டு வகுத்துப் பாருங்க. உண்மையான மைலேஜ் அப்போதுதான் தெரியும். டயரில் காற்று குறைந்தாலும் பெட்ரோல் குடிக்கும். பங்கில் காற்று இலவசம், டிப்ஸ் கொடுப்பது உங்கள் விருப்பம்.

எத்தனாலுக்கு தண்ணீர் என்றால் உயிர். மழைக்காலத்தில் பங்க் டேங்குக்குள் தண்ணீர் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். அது உங்கள் காருக்கு வந்தால் பங்கை விட்டு ஒன்றிரண்டு கிலோ மீட்டருக்குள் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடும். அப்படி நின்றால் சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் பண்ணாதீங்க. பில்லோடு பங்குக்குத் திரும்புங்க. பில் இல்லாவிட்டால், "எங்க பங்க்ல போட்டதுன்னு என்ன ஆதாரம்?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிடுவார்கள். நமக்கே ஒருமுறை நடந்திருக்கிறது. கிளீனிங் செலவு முழுக்க நம் தலையில்.

டீசல் காருக்கு பெட்ரோல் போட்டுவிட்டால்? அதுவும் உள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஆட்களுக்கு நடப்பதுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாத வரை டேங்கைக் காலி செய்தால் போதும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர் என்று பில் எங்கேயோ போய்விடும். காரைத் தள்ளிக்கொண்டு போய் ஓரமாக நிறுத்துங்க.

உயிர் விஷயம்

பெட்ரோல் ஆவி காற்றை விட கனம். கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு பரவும், சின்னப் பொறி போதும். அதனால்தான் இன்ஜினை அணைக்கச் சொல்கிறார்கள். டேங்கர் லாரி பெட்ரோல் இறக்கும்போது ஆவி அதிகம், அந்த நேரம் அடுத்த பங்குக்குப் போவதே நல்லது. காரை விட்டு இறங்கியதும், நாசிலுக்கு தூரமாக நின்று காரின் இரும்பை ஒருமுறை தொடுங்க. உடம்பில், சீட் உரசலில் சேர்ந்த மின்சாரம் இறங்கிவிடும். மீட்டர் தெரியும் இடத்தில் நின்றால் போதும், நாசிலுக்கு மேலே குனிந்து பார்க்க வேண்டாம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, மூச்சுக்கு ஆகாது. நாள் முழுக்க அதை சுவாசிக்கும் ஊழியரை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது.

'செல்போன் பேசாதீர்கள்' என்ற போர்டுக்குக் கீழேயே கியூஆர் கோடு தொங்குவது நம்ம ஊர் காமெடி. போட்டு முடித்து, மூடியை மூடி, வண்டியை நகர்த்திவிட்டு பணம் அனுப்புங்க. அனுப்பும் முன் திரையில் வரும் பெயர் பங்கின் பெயரா என்று பாருங்க. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டும் ஆட்கள் இருக்கிறார்கள்.

நிரப்பும்போது வாயில் தீப்பிடித்தால் பதறிப் போய் நாசிலை இழுக்கக் கூடாது. இழுத்தால் தீ மேலே தெறிக்கும். விலகி ஓடுங்க, ஊழியர் மெஷினை ஆப் செய்வார். சிஎன்ஜி கார் என்றால் கேஸ் ஏற்றும்போது குழந்தை தூங்கினாலும் தூக்கிக்கொண்டு எல்லாரும் இறங்கியே ஆக வேண்டும். சிலிண்டருக்குள் 200 பார் அழுத்தம், விளையாட்டு இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டர் சோதனையைத் தள்ளிப்போடும் டாக்சிக்காரர்கள் உடனே தேதியைப் பாருங்க.

மழைக்கு பங்க் கூரைக்குக் கீழே ஒதுங்குவது எல்லாருக்கும் பழக்கம். 2023 செப்டம்பர் 29-ந்தேதி மழையில் சென்னை சைதாப்பேட்டையில் பங்க் கூரை இடிந்து விழுந்து ஒருவர் உயிரிழந்தார். 2024 மே 13-ந்தேதி மும்பை காட்கோபரில் சூறைக்காற்றில் ராட்சத விளம்பர பலகை பங்க் மேல் சாய்ந்து, 17 பேர் பலியானார்கள். காற்றோடு மழை அடிக்கும்போது பெட்ரோல் போட்டதும் இடத்தைக் காலி பண்ணுங்க.

அளவில் குறை என்றால் பங்கிலேயே புகார் புத்தகம் கேளுங்க. ஆயில் கம்பெனி அதிகாரியின் நம்பர் அங்கே எழுதி வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவு விவகாரம் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது, அங்கேயும் எழுதலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எங்கே பேசினாலும் முதலில் கேட்பது பில், அடுத்து எந்த மெஷின், எத்தனை மணி என்பதுதான்.