ஏழாம் நாளில் எழும் தடிப்பு

மருந்து ஒவ்வாமை என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஊசி போடுமுன் முன்கையில் செய்து பார்க்கும் ‘டெஸ்ட் டோஸ்’தான். சில நிமிடங்களில் மூச்சை அடைக்கும் உடனடி ஒவ்வாமைக்கான சோதனை அது. தாமதித்து வரும் ஒவ்வாமையை அது முன்கூட்டிச் சொல்லாது. அமாக்சிசிலின் போன்ற சாதாரண மாத்திரையைத் தொடங்கி ஒரு வாரம் ஆனபின், சில வேளை மருந்தை முடித்த பின்னரும், உடலெங்கும் சிவந்த தடிப்புகள் எழலாம். நோய் எதிர்ப்பாற்றலின் டி-செல்கள் மெல்ல விழித்துக்கொள்வதன் விளைவு இது.

அத்தடிப்பு தட்டம்மையைப் போலவே இருக்கும். ஆகவே நம் வீடுகளில் அதை ‘அம்மை’ என்றோ ‘உடம்புச் சூடு’ என்றோ எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பெயர் வந்தவுடன் மாத்திரை மறக்கப்பட்டுவிடுகிறது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. வைரஸ் காய்ச்சல் தந்த தடிப்பின் பழி மருந்தின்மேல் விழுகிறது. அமெரிக்காவில் சுமார் 10 சதவீதம் பேர் தமக்குப் பெனிசிலின் ஆகாது என்கிறார்கள். முறையாகச் சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு ஒவ்வாமை இல்லை. மறதி, தவறான நினைவு இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: எழுத்து.

சிங்கப்பெருமாள் கோயிலை எண்ணிப் பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலையும் ஒரகடம் சாலையும் சந்திக்கும் ஊர். சுற்றிலும் தொழிற்சாலைகள்; வெளியூர்த் தொழிலாளர்கள். இங்கே வாங்கிய மாத்திரைக்கு, அடுத்த வாரம் சொந்த ஊரில் தடிப்பு எழுந்தால் அங்குள்ள மருத்துவர் எதைக் கொண்டு ஊகிப்பார்? அட்டையிலிருந்து நான்கைந்து மாத்திரைகளை வெட்டிக் கொடுக்கும்போது பல நேரம் மருந்தின் பெயரும் வெட்டுப்பட்டுப் போகிறது.

எல்லாத் தடிப்பும் தானே அடங்குவதில்லை. 1922இல் ஸ்டீவன்ஸும் ஜான்சனும் விவரித்த கொடிய நோய்க்குறி, சல்பா மருந்து தொடங்கிய நான்கு நாள் முதல் நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் வருவது. வாய்ப்புண், கண் சிவப்பு, தோலில் எரிச்சல், கொப்புளம் கண்டால் காத்திருக்கலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கே கேட்கப்படும் முதற்கேள்வி, “என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?” என்பதாகவே இருக்கும். ‘செப்ட்ரான்’, ‘பாக்ட்ரிம்’ என்று பெயர் எதுவாயினும் உள்ளிருக்கும் சல்பா ஒன்றே என்பதையும் நோயாளி அறிந்திருக்க வேண்டும்.

எனவே மருந்துக் கடையில் வேதிப்பெயரைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்பது நம் உரிமை என்பேன். தொடங்கிய நாளும் தடிப்பு எழுந்த நாளும் வீட்டு நோட்டில் இருக்கட்டும். காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே புகார் பதியலாம். கவிதை வரிகளை மனப்பாடம் செய்யும் நாம், நம் உடலுக்கு ஆகாத ஒற்றைச் சொல்லையும் நினைவில் வைத்திருக்கலாம்.