இரவல் சப்தங்கள்

அனிமேஷன் பயிலும் மாணவர்கள் சிலரின் படங்களை அண்மையில் ஒரு சிறு அறையில் பார்க்க நேர்ந்தது. ஒன்பது படங்கள். ஏழில் பியானோ. சோகத்துக்கு என்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அதே இழுவை. கிராமம் வந்தால் புல்லாங்குழல். கோபம் வந்தால் இடி. இதைச் சொன்னால், 'மாணவர்களைப் போய்த் தாக்குவதா?' என்று நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். நான் தாக்குவது மாணவர்களை அல்ல. 'காப்புரிமைத் தொந்தரவு இல்லாததாகப் பார்த்துப் போட்டுவிடு' என்பதற்கு மேல் சப்தத்தைப் பற்றிச் சொல்ல ஏதுமற்ற ஆசிரியர்களை; அதற்குக் கைதட்டிவிட்டு வெளியே வரும் நம்மை.

அடிப்படையான விஷயம் ஒன்று உண்டு. காமிரா ஒரு தெருவைப் பிடிக்கும்போது தெருவின் இரைச்சலும் அழைக்காமலே கூட வந்துவிடலாம். வரைந்த தெரு ஊமை. அதில் கேட்கும் ஒவ்வொரு சப்தமும் யாரோ தேர்ந்து வைத்தது. மௌனமும் அப்படித்தான். ஆகவே சப்தம் இங்கு மேற்பூச்சு அல்ல. கோட்டைப் போல அதுவும் வரையப்படுவது.

இது உவமை அல்ல. கனடா தேசியத் திரைப்பட வாரியத்தில் நார்மன் மெக்லாரன் இதை நிஜமாகவே செய்து காட்டினார். 1952இல் வந்த 'நெய்பர்ஸ்' படத்தில், ஒரு பூவுக்காக அடித்துக்கொள்ளும் இரு அண்டை வீட்டாருக்காக அவர் வாத்தியக்காரரைத் தேடிப் போகவில்லை. படச்சுருளின் ஒலிப்பாதையிலேயே சப்தத்தை உருவாக்கினார். 1971இன் 'சிங்க்ரமி'யில் அந்த ஒலிப்பாதையின் வடிவங்களே வண்ணங்களாகத் திரைக்கு வந்தன. 1977இல் அதே வாரியத்தில், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்திலிருந்து சென்ற இஷு படேல் 'பீட் கேம்' எடுத்தார். மணிகள் ஒன்றையொன்று விழுங்கும் உயிர்களாகி அணுயுகம் வரை போகின்றன. கூடவே ஜே. பி. கோஷின் தாளம். தபலா அங்கே 'இந்தியத் தன்மை'க்காக ஒட்டப்படவில்லை. மணி துள்ளுவதற்கும் விரல் விழுவதற்கும் ஒரே கணக்கு.

கணக்கு என்றுதான் சொல்கிறேன். நொடிக்கு 24 சட்டங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் தட்டுக்கு 12 சட்டங்கள். 1929இல், 'ஸ்கெலிட்டன் டான்ஸ்' காலத்திலேயே, இசையையும் அசைவையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். நம் மாணவரோ படம் முடிந்த இரவில் இசை தேடுகிறார்.

ஒரு படத்தில் கிழவி ஒருத்தி கிணற்றில் நீர் இறைக்கிறாள். அருமையான கோடுகள். ராட்டினம் சுற்றியதும் கேட்டதோ ஏதோ பேய்ப்படத்துக் கோட்டைக் கதவு. பிறகு அந்த மாணவரிடம், உங்கள் ஊர்க் கிணறு எப்படிச் சப்தமிடும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "ராட்டினம் சத்தமே போடாது சார். பாட்டி எண்ணெய் விட்டுக்கிட்டே இருப்பாங்க. வாளி தண்ணியில மோதுறதுதான் கேக்கும்." முழுப் படமும் அந்தப் பதிலில் இருந்தது. திரையில் இல்லை. அதைப் பதிவு செய்ய அவர் சட்டைப்பையில் இருந்த போன் போதும்.

செயற்கைச் சப்தம் கூடாது என்பதல்ல என் கட்சி. குதிரைக் குளம்புக்குத் தேங்காய்ச் சிரட்டை தட்டுவது பழைய வழக்கம். தட்டியவருக்குக் குளம்போசை காதில் இருந்தது. ஊருக்குப் போக வழியில்லையென்றால் அண்டாவில் நீர் நிரப்பி ஒரு வாளியை இறக்கலாம். ஆனால் எதற்கும் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

இதைப் படித்துப் புன்னகைக்கும் கவிஞர்கள், தங்கள் கவிதைகளில் சிறகும் நிலவும் மௌனமும் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கட்டும். கிடங்குதான் வேறு, இரவல் ஒன்றே.

அந்த வாளியின் ஓசை எந்தக் கிடங்கிலும் இல்லை. பாட்டி போய், கிணறு தூர்ந்த பிறகு, ஊரிலும் இருக்காது.