ஆலைக் கசடும் முற்றத்துப் புல்லும்

வீட்டு முற்றத்திலே பசும் புற்றரை இருத்தல் வேண்டுமென விரும்பாதார் யார்? ஆயினும், புல் சற்று வாடியதும் மண்ணின் தன்மையை ஆராயாது பசளை தேடி ஓடுகின்றோம். அதற்கு முன் பழைய வரலாறொன்றைக் கேட்டல் நலம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, பொசுபரசு மிகுந்த இரும்பிலிருந்து நல்ல உருக்கு ஆக்க இயலாது ஆலைக்காரர் இடர்ப்பட்டனர். இலண்டன் நீதிமன்றமொன்றில் எழுதுவினைஞராயிருந்த சிட்னி கில்கிறிஸ்ற் தோமஸ் என்பார், இரசாயன அறிஞராகிய தம் உறவினர் பேர்சி கில்கிறிஸ்ற் என்பவரின் துணையுடன் ஆராய்ந்து, 1878ஆம் ஆண்டில் அதற்கு வழி கண்டதாக அறிவித்தார். உலையின் உட்சுவரைக் காரத்தன்மையுள்ள கற்களால் அமைத்துச் சுண்ணாம்பும் இடவே, பொசுபரசு உருக்கை விட்டுக் கசட்டிற் சேர்ந்தது.

அக்கசட்டை நுண்ணிய தூளாக அரைத்து நிலத்திலிட்டனர். நோதம்பலண்டிலுள்ள கொக்கிள் பார்க் பண்ணையில் 1890களின் பிற்பகுதியில் நடந்த பரிசோதனையிலே, வளங்குன்றிய களிமண் மேய்ச்சல் நிலத்தில் வெண்குளோவர்ச் செடி செழித்துப் படர்ந்தது. அதன் வேர்முடிச்சுக்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணிற் சேர்க்கவே, புல்லும் தழைத்தது. மேய்ந்த செம்மறிகளும் கொழுத்தன. உருக்குக்குப் பகையாயிருந்த பொருள் புல்லுக்கு உணவாயிற்று!

இதனைக் கேட்டு, கழிவு யாவும் பசளையாகுமென எண்ணிவிடலாகாது. இக்காலத்து உருக்குக் கசட்டிற் பொசுபரசு பெரும்பாலும் குறைவே. சில ஆலைக் கழிவுகளில் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்களும் உண்டு. குழந்தைகள் உருண்டு விளையாடும் புற்றரையிற் பரிசோதிக்கப்படாத கழிவை இடுதல் தகாது.

நம் நாட்டிலே, 1971இல் எப்பாவலவிற் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் பாறை இயற்கை தந்த செல்வமாகும். ஆனால், அதன் தூள் மெல்லவே கரையும். அமில மண்ணிலேதான் நன்கு பயன்படும். மலைநாட்டு அமில மண்ணுக்கு அதுவும், புளிப்பை நீக்கும் டொலமைற்றுத் தூளும் ஏற்றவை. சுண்ணாம்புக்கல்லின்மீது அமைந்த யாழ்ப்பாண மண்ணிலோ, அப்பாறைத்தூள் எளிதிற் கரையாது கிடக்கும். அங்கு மக்கிய சாணமும் இலைகுழைப் பசளையுமே நன்று.

ஆகவே, முதலில் மண்ணைப் பரிசோதிப்போம். பசளையைப் பின்னர்த் தெரிவோம். மண்ணை அறியாது இடும் பசளை, நோயை அறியாது உண்ணும் மருந்தையே ஒக்கும்.